சேம்பர் அறையிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் டிகிரி அக்கா என்பார்கள். படித்து வாங்கிய டிகிரியால் வந்த பெயர் இல்லை. போனை எடுத்தால் ஹலோவுக்குப் பதிலாக, "மைனஸ் நாற்பது டிகிரியில இருக்கு, இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றுதான் ஆரம்பிப்பாள். கூப்பிடுகிறவர்கள் கேட்கப்போவது அதைத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் சிறிய செயற்கைக்கோள்கள் செய்யும் துறையில், தரைத்தளத்துக் கடைசி அறையில் ஒரு பெரிய எஃகு உருளை இருந்தது. ஓர் ஆள் குனிந்து நிற்கலாம். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு என்றாலும் வாயில் வந்தது சேம்பர்தான். சாப்பாட்டு டப்பா அளவுள்ள கருவிகளை அதற்குள் வைத்து, கதவை முடுக்கி, உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, குளிர வைத்து, சூடாக்கி, மறுபடி குளிர வைப்பார்கள். விண்வெளிக்குப் போய்ப் பல்லை இளிக்கப்போகிற கருவி இங்கேயே இளித்துவிட்டால் நல்லது. ஒன்பது வருடமாக அந்த சேம்பரை இயக்கியது அவள்தான்.

கேமராக்களைச் சோதிக்கும்போது ஒரு தொல்லை வரும். கதவைத் திறந்தால் லென்ஸ் மேல் லேசாகப் புகை படிந்ததுபோல் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பசையும் டேப்பும் காற்றில்லாத இடத்தில் ஆவி விடும். அந்த ஆவி எங்கே குளிர்ச்சியோ அங்கே போய் உட்காரும். மாணவர்கள் திட்டிக்கொண்டே துடைத்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு மட்டும் எந்தப் பசை, எத்தனை டிகிரியில், எவ்வளவு படிகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கீறல் விழுந்து கழித்துப்போட்ட லென்ஸ்களை அவரிடமிருந்து வாங்கிவந்து, ஒவ்வொரு சோதனையின்போதும் ஒரு மூலையில் ஒன்றை வைப்பாள். முடிந்ததும் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, உறையில் போட்டு, தேதி எழுதி டிராயரில் வைப்பாள். யாராவது கேட்டால், "சும்மா பார்க்கறேன்" என்பாள். அந்தச் சும்மா வளர்ந்து வளர்ந்து மூன்று டிராயர் ஆகியிருந்தது.

விண்வெளி அறிவியலிலும் பொறியியலிலும் ஆராய்ச்சிப் பட்டம் படிக்கிறவர்களுக்கு நான்கு வருட உதவித்தொகை என்று வருடா வருடம் ஓர் அறிவிப்பு வரும். அறிவிப்புப் பலகை அவள் அறைக்கு வெளியே இருந்ததால் அதைக் குத்திவைப்பது அவள் வேலை. எட்டு வருடம் படிக்காமலே குத்தினாள். ஒன்பதாவது வருடம், சேம்பரின் காற்றை உறிஞ்சும் பம்பு வேகம் பிடிக்க இருபது நிமிடம் ஆகும் என்பதால், பொடி எழுத்தையும் படித்தாள். வேலையில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். முதுகலை முடித்திருக்க வேண்டும். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பகுதிநேரமாகப் படித்து முதுகலை முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வயது முப்பத்து நான்கு.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஒரு கண்ணாடி பிரேமின் காதுக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

"போட்டா என்ன? கிடைக்கலைன்னா மறுபடியும் சேம்பர்தானே."

"கிடைச்சிட்டா?"

"கிடைச்சிட்டா அப்புறம் பேசிக்கலாம். முதல்ல போடு."

ஆராய்ச்சித் திட்டத்தை மூன்றே நாளில் எழுதி முடித்தாள். பசையின் ஆவி லென்ஸில் எப்படிப் படிகிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கணிப்பது என்று இரண்டு பக்கம். ஒன்பது வருடம் மனதில் ஓடியது கையில் வர நேரம் பிடிக்கவில்லை. வினை வந்தது பரிந்துரைக் கடிதத்தில். மூன்று பேர் எழுத வேண்டும். முதுகலை வகுப்பு எடுத்தவரும் இயந்திரவியல் துறைத் தலைவரும் அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர்.

நல்ல மனிதர். நாள் பூராவும் பத்து வேலையை ஆரம்பிப்பார், ஒன்றைக்கூட அன்றே முடிக்க மாட்டார். "நீங்களே எழுதிக் கொண்டாங்கம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க" என்றார்.

தன்னைத்தானே புகழ்ந்து எழுத உட்கார்ந்த அவளுக்கு நாலு வரிக்கு மேல் கை ஓடவில்லை. அந்த நாலு வரியைப் பேராசிரியர் வாங்கிப் படித்தார்.

"'நேரம் தவறாதவர். நீண்ட நேரம் தொடர்ந்து இயங்கக்கூடியவர். இதுவரை புகார் எதுவும் இல்லை.' ஏம்மா, இது உங்களைப் பத்தி எழுதினதா, பம்பைப் பத்தி எழுதினதா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டார். உடைந்த சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிப் பழகிய கை. ஒரு மத்தியானம் வாடிக்கையாளர் வராத நேரத்தில் எழுதிவிட்டார். முதல் பத்தியில் மனைவியை ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்கு ஒப்பிட்டிருந்தார். அதை அவள் அங்கேயே அடித்தாள். இரண்டாவது பத்தியைப் படித்ததும் பேனா நின்றது.

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்த விஷயம் அது. பேராசிரியரின் கேமரா ஒன்று சோதனைக்கு வந்திருந்தது. அவர் அப்போது கருத்தரங்குக்கு வெளிநாடு போயிருந்தார். பொறுப்பில் இருந்த ஆராய்ச்சி மாணவர், சீக்கிரம் காய்கிறதே என்று ஒரு புதுப் பசையைக் கொண்டுவந்தார். அவள் சம்மதிக்கவில்லை. அந்தப் பசையை ஒரு சொட்டு எடுத்து, ஒரு லென்ஸோடு ஒரு நாள் சேம்பரில் போட்டுக் காட்டினாள். லென்ஸ் பால் ஊற்றினாற்போல் வெளுத்து வந்தது. மாணவர் பழைய பசைக்கே திரும்பினார். கேமரா மேலே போய் இன்றைக்கும் தெளிவான படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

"இது வேண்டாங்க. சாருக்குத் தெரியாது. தெரியாததை அவர் சொன்ன மாதிரி எப்படி எழுதறது?"

"தெரியாதுன்னா தெரிஞ்சிக்கட்டும். நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்."

மறுநாள் காலை பேராசிரியர் அந்தப் பத்தியை இரண்டு தரம் படித்தார். நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இது நடந்ததா?"

"நடந்தது சார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை சார். படம் நல்லா வந்துச்சு, அதோட என் வேலை முடிஞ்சுது."

"நாங்க எழுதின கட்டுரையில உங்க பேரு இருக்கா?"

"கடைசியில நன்றி சொன்ன இடத்துல, 'சேம்பர் ஊழியர்கள்'னு இருக்கு சார்."

"ஊழியர்கள்னா எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான் சார்."

 பேராசிரியர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

 போச்சு, ஊர் வம்பை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று நினைத்தாள்.

"இது உங்க வீட்டுக்காரர் எழுதினது. என்னோடதை நான்தான் எழுதணும்" என்றார் அவர். "முதல்லயே எழுதியிருக்கணும்."

அந்தப் பயம் போவதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அவர் எதை நேரத்தில் முடித்திருக்கிறார்?

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடிவிடும். செவ்வாய்க்கிழமை பார்த்தாள்: மூன்றாவது கடிதம் வரவில்லை. புதன், வியாழன், அதே வரி. நினைவூட்டலாம் என்று மாடிப்படி ஏறுவாள், பாதியில் இறங்கிவிடுவாள். வெள்ளிக்கிழமை நாலரைக்குப் பேராசிரியரே மூச்சு வாங்க சேம்பர் அறைக்கு வந்தார். கையில் மடிக்கணினி.

"எழுதிட்டேன்மா. உள்ள போக முடியலை. பாஸ்வேர்டு தப்புங்குது."

"என்ன பாஸ்வேர்டு சார் போட்டீங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?"

புது பாஸ்வேர்டு வாங்கும் பக்கத்தை அவள் திறந்து கொடுத்தாள். கடிதத்தை விண்ணப்பிப்பவர் பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் தன் அறையிலிருந்து தானே வெளியேறி, நடைபாதையில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏதோ படமெல்லாம் காட்டுது. இதுல பஸ் இருக்கிறதை எல்லாம் அழுத்தணுமாம்." "அழுத்துங்க சார்." "பாதி பஸ் தெரிஞ்சா?" "அதையும் அழுத்துங்க சார்." நாலு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

ஐந்து வாரம் கழித்துக் கணினித் திரையில் நேர்காணல். நான்கு முகங்கள். நரைத்த முடியோடு இருந்த ஓர் அம்மாள் முதலில் கேட்டார்: "இதை ஆரம்பிக்க ஏன் ஒன்பது வருஷம் ஆச்சு?"

ஒத்திகை பார்த்துவைத்திருந்த பதில் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. "வேலை பிடிச்சிருந்தது மேடம். கேள்வி முழுசா வரவும் இவ்வளவு நாள் ஆயிடுச்சு" என்றாள்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பக்கத்துக் கட்டத்தில் இருந்தவர், விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்த லென்ஸ்கள் எல்லாம் ஒரே வகையா, மேல்பூச்சு ஒன்றுதானா என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். கழித்துப்போட்ட லென்ஸில் வகை ஏது?

"தெரியாது சார். கடையில கிடைச்சதை எடுத்தேன். அந்தக் கணக்குல கொஞ்சம் தப்பு இருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும், "கோட்டை விட்டுட்டேன்" என்றாள். வீட்டுக்காரர் அதை நம்பவில்லை. ஆனாலும் அடுத்த நாளே ஒரே வகை லென்ஸுக்கு யாரிடம் கேட்கலாம் என்று போன் போட ஆரம்பித்துவிட்டார்.

முடிவு வந்த காலை அவள் சேம்பர் கதவில் கசிவு தேடிக்கொண்டிருந்தாள். கையில் ரப்பர் கையுறை, போன் மேஜையில் அதிர்ந்தபடி கிடந்தது. வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தாள். கொடுத்திருந்தார்கள். ஒரு நிபந்தனை: முதல் ஆறு மாதத்தில் பழைய சோதனைகளை ஒரே வகை லென்ஸில் திரும்பச் செய்ய வேண்டும். அறையில் வேறு யாரும் இல்லாததால், ஓடிக்கொண்டிருந்த பம்பை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "இப்பப் பேசிக்கலாமா?" என்றார் அவர்.

சேம்பருக்கு வேறு ஆள் போட்டார்கள். அவள் இரண்டாம் மாடியில், தன்னைவிடப் பத்து வயது குறைந்தவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து படித்தாள். கணக்குப் பாடம் முதல் மூன்று மாதம் படுத்தி எடுத்தது. ஆறு மாதச் சோதனைகள் முடிந்தபோது இன்னொரு அடி விழுந்தது. ஒரே வகை லென்ஸில் பார்த்தால், புகைக்குக் காரணம் என்று அவள் இத்தனை வருடம் நினைத்துவந்த பழைய பசை கிட்டத்தட்ட ஒன்றுமே விடவில்லை. புதுப் பசை மோசம்தான், அதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு பொருளையும் தனியாக வைத்துப் பார்த்ததில், மற்ற சோதனைகளில் லென்ஸில் புகை படியவைத்தது பெரும்பாலும் வயர்களின் மேலுறை என்று தெரிந்தது. இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் எண்களை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் முழுதும் பார்த்துவிட்டு, இது முதலில் நினைத்ததைவிட நல்ல ஆராய்ச்சி என்றார். அவள் மெதுவாகத் தலையாட்டினாள். தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றாள்.

ஆராய்ச்சித் தலைப்பில் பசை என்ற சொல் இருந்ததால் அதை மாற்ற ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் இடம் மிகவும் குறைவு. கொஞ்சம் யோசித்து, "பசை மேல் குற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.