பிரதிவாதியை விழுங்கிய ரெக்கார்டர்

எங்கள் வக்கீலுக்கு அந்த ரெக்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்தவர், துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒரு கட்சிக்காரர். கேசட் கிடையாது, உள்ளே சுற்றுவது எதுவும் கிடையாது. விரல் நீளம்தான், சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. திருநெல்வேலி ஜங்ஷனில் அப்போது அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "ஒரு வாரம் வச்சுப் பாரும்மா. நமக்குப் பிரயோசனப்படுமான்னு ஒரு பக்கம் எழுதிக் குடு" என்று டைப்பிஸ்டான என்னிடம் தந்தார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அவர் சொல்லச் சொல்ல எழுதி, டைப் அடித்து, திட்டும் வாங்கிக்கொள்ள நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது இது எதற்கு?

முதல் நாளே அது தன் குணத்தைக் காட்டியது. குரல் கேட்டால் தானே ஓடும், பேச்சு நின்றால் தானே நின்றுவிடும். வக்கீலோ வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, வெற்றிலையை ஒதுக்கி, யோசித்துப் பேசுகிறவர். அவர் மறுபடி வாயைத் திறந்து, இது விழித்துக்கொள்வதற்குள் முதல் இரண்டு மூன்று எழுத்து போய்விடும். 'பிரதிவாதி' என்று அவர் தொடங்கிய இடமெல்லாம் 'வாதி' என்றே பதிவாகியிருந்தது. கேட்டபடியே டைப் அடித்திருந்தால் எங்கள் கட்சிக்காரர் தன்மேல் தானே வழக்குப் போட்டிருப்பார்.

அந்த வாரக் கடைசியில் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊரான விக்கிரமசிங்கபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அடுத்த புதன்கிழமை அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியை எடுத்துவிடலாம், குரல் பழையபடி வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று தெரு தள்ளி விளையாடிக்கொண்டிருந்த என்னை வீட்டில் நின்றபடியே சாப்பிடக் கூப்பிட்ட குரல் அது. அது இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. கொஞ்சமாவது பிடித்து வைத்துக்கொள்ள நினைத்தேன்.

அம்மாவும் அப்பாவும் நூல் மில்லில் ஒரே கூடத்தில் வேலை பார்த்தவர்கள். மெஷின் இரைச்சலில் அங்கே யார் பேசினாலும் கேட்காது. அதனால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். வீட்டிலும் எனக்குத் தெரியக்கூடாத விஷயம் வந்தால் இருவரும் அதற்கு மாறிவிடுவார்கள். அதனாலேயே நான் பள்ளிக்கூடம் போகுமுன்பே அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன். அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ரெக்கார்டரை அம்மா முன்னால் வைத்து, "என்னமாவது பேசும்மா" என்றேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துத் தொடங்கினாள். "அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல்."

"யம்மா, நான் இங்கனதான இருக்கேன். எப்பவும் போல பேசு."

"மிசின்கிட்ட எப்படிட்டி அப்படிப் பேச? ஒரு மரியாத வேண்டாமா?"

"கடுதாசிய முடி. ஸ்டாம்பு ஒட்டணும்லா" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அம்மா ரெக்கார்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். நான் படித்துவிட்டேன். "என் சத்தம் போயிட்டுன்னா என்ன செய்வீய?"

அப்பா வாய்விட்டே பதில் சொன்னார். "ஏட்டி, மில்லுல உன் சத்தத்தக் கேட்டுத்தானா உன்னயப் புடிச்சுது எனக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உதட்டுப் பேச்சு எனக்கும் புரியும் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை திரும்பும் பஸ்ஸில், கருவியோடு வந்த விளக்கத்தாளை வரிவரியாகப் படித்தேன். பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானைத் தள்ளினால் குரலுக்குக் காத்திராமல் தொடர்ந்து ஓடுமாம். அப்படி வைத்தால் பிரதிவாதி முழுசாகக் கிடைப்பார். ஆனால் பதிவானதை வேறெதற்கும் மாற்ற அதில் வழி சொல்லியிருக்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் அம்மாவின் கடிதமும் அதோடு போய்விடும்.

என் அறிக்கையில் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பிரதிவாதியை வாதியாக்கும் கருவி வக்கீல் அலுவலகத்துக்கு உதவாது என்று முடித்தேன். வக்கீல் படித்துவிட்டு, "அப்ப தூரப் போட வேண்டியதுதானா?" என்றார். "நான் வச்சுக்கிடுதேன் சார்" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே. மறைத்ததற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

அம்மாவின் குரல் திரும்பி வந்தது. ஆனால் பக்கத்து அறைக்குக்கூட எட்டாத அளவுக்கு மெலிந்து வந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் இறந்து இப்போது நான்கு வருடமாகிறது.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ரெக்கார்டரை எடுத்துவரச் சொல்வாள். கடிதம் வரும், சிரிப்பு வரும், சிரிப்பு முடிந்ததுமே அப்பாவின் பதில் வந்துவிடும். அம்மா சத்தமில்லாமல் கேட்ட நேரத்தை மெஷின் அப்படியே வெட்டிவிட்டது. அப்பாவின் 'ஏட்டி'யையும் விழுங்கிவிட்டது. "நான் கேக்கதுக்கு எடமே விடலயே" என்று அம்மா ஒருநாள் குறைப்பட்டாள்.

அதனால் இப்போதெல்லாம் சிரிப்பு முடிந்ததும் நான் நிறுத்திவிடுகிறேன். அம்மா ரெக்கார்டரைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துக் கேட்பாள். கேட்டு முடித்து என்னைப் பார்த்துத் தலையாட்டியதும் பொத்தானை அழுத்துவேன். அப்பா பதில் சொல்வார்.