பூஜைக்குத் துடைத்த நிக்கல் ஷீட்

எங்கள் பட்டறைக்கு வரும் நிக்கல் ஷீட்டைப் பார்த்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். மங்கிப்போன எவர்சில்வர் மாதிரிதான் இருக்கும். ஆனால் விமான இன்ஜினுக்குள், மற்ற உலோகமெல்லாம் துவண்டுபோகிற சூட்டில், வளையாமல் நிற்கிற ஜாதி அது. அதன் மேல் வரிசை வரிசையாக மையில் அச்சடித்திருக்கும்: எந்த உலோகம், எந்தத் தரவிதி, எவ்வளவு கனம், கடைசியில் ஹீட் நம்பர். ஒரே உலையில் ஒரே தடவை உருக்கி ஊற்றிய உலோகத்துக்கெல்லாம் ஒரே ஹீட் நம்பர். நாளைக்கு எங்கோ ஒரு விமானத்தில் ஒரு பாகம் விரிசல் விட்டால், அதே ஹீட்டில் பிறந்த மற்ற பாகங்களைத் தேடிக் கழற்ற வேண்டும். அதற்கு அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை. எண் அழிந்துவிட்டால், ஷீட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விமானத்துக்கு ஆகாது என்பது விதி.

முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறையில் நான்தான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். முன்பு பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்த இடம். பிறகு ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு விமான பாகம் அழுத்திக் கொடுக்கிற ஆர்டர் கிடைத்தது. ஒரு துண்டு வெட்டுவதென்றால், மிச்சமாகப் போகும் துண்டில் முதலில் எண்ணை எழுதிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இதை நான் கத்திக் கத்தி எல்லோருக்கும் காது புளித்துப்போயிருந்தது. எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன்.

என் கணவரை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அதற்கு முன் அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அள்ளுகிற வேலை. பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று காத்திருந்து நெஞ்சுதான் கெட்டது. மூச்சு விட்டால் விசில் சத்தம். "இன்னும் இந்தத் தூசில நின்னாருன்னா, அப்புறம் என்கிட்ட கூட்டிக்கிட்டு வராதீங்க" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஷீட் அறையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். மூடிய அறை. ஒரு மழைக்காலம் போவதற்குள் விசில் அடங்கியது. அந்த வேலை போனால் மறுபடி சுரங்கம்தான், சுரங்கத்துக்குப் போனால் நெஞ்சு தாங்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் துணி காயப்போட்டால் கரி, ஜன்னலைத் திறந்தால் கரி. இந்தக் கரியில் கந்தகம் உண்டு. நிக்கலுக்குக் கந்தகம் விஷம். தூசியோடு சூடேற்றினால் உலோகத்தை அரித்துவிடும். அதனால் "ஷீட்டு மேல ஒரு பொட்டு கரி இருக்கக் கூடாது" என்று பட்டறையிலும் சொல்வேன், வீட்டில் சோறு போடும்போதும் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவுவதில் யாரும் மதம் பார்ப்பதில்லை. அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் மேல்பட்டாம்பாக்கத்தில் என் சித்தி தவறிவிட்டார். நான் அங்கே போய்விட்டேன். விடுமுறை கழிந்து வந்து ஷீட் அறையைத் திறந்தேன். ரேக்கில் இருந்த ஷீட்டெல்லாம் முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். ஓர் எழுத்தைக் காணோம்.

"யாருங்க தொடச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் என் கணவர். குரலில் பெருமை இருந்தது. "கவருக்குள்ளார கரி பூந்துக்கினு இருந்திச்சி. தின்னர் போட்டு நல்லா தொடச்சிட்டேன். நீதான சொல்லிக்கினே இருப்ப, ஒரு பொட்டு கரி ஆவாதுன்னு."

"நம்பரு எங்கங்க?"

அப்போதுதான் அவர் ஷீட்டைப் பார்த்தார். தின்னர் கரியோடு மையையும் கரைத்துவிட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததென்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன்.

ரேக்கில் இரண்டு ஹீட்டைச் சேர்ந்த ஷீட்டுகள் இருந்தன, இடப்பக்கம் ஒரு ஹீட், வலப்பக்கம் இன்னொன்று. கழுவும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்து, பிறகு உள்ளே வைத்திருக்கிறார். "எடுத்த எடத்துலதான் வச்சேன். ஒண்ணுகூட மாறல. எனக்குத் தெரியும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கான சாமர்த்தியமும் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

முதலாளி வந்தார். கேட்டார். கதவைச் சாத்தினார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர்தானே சொல்றார்? பேனாவ எடுத்து எழுதிடுங்க. விஷயம் வெளிய போச்சுன்னா ஆர்டரும் போயிடும், அவர் வேலையும் போயிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. வந்தும், பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு விமானமும் தெரியவில்லை, விதியும் தெரியவில்லை. அவருடைய நெஞ்சுக்கூடுதான் தெரிந்தது. "சொல்லுங்க" என்றேன். அவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு ஷீட்டிடம் வந்தபோது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, "இதுவும் இடப்பக்கத்துதான்" என்றார்.

அந்த விரல் ஏன் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பயமாக இருக்கலாம், மூச்சிரைப்பாக இருக்கலாம். சந்தேகமாகவும் இருக்கலாம். நான் ஒன்றிலும் எழுதாமல் மூடியைப் போட்டுவிட்டு, ஓசூருக்குப் போன் செய்தேன்.

அங்கிருந்து வந்த இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள். லேபில் கொடுத்தால் இன்ன உலோகம் என்று சொல்வார்கள், ஆனால் ஒரே ஆலையில் செய்த இரண்டு ஹீட்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கலவையில் வித்தியாசம் இல்லை என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "மேடம், எது எந்த ஹீட்டுன்னு நீங்க உறுதியா சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"வேற யாராவது சொல்ல முடியுமா?"

என் கணவர் அவருக்குப் பின்னால், ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்ல சார்" என்றேன்.

யாரும் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிடக் கூடாதென்று எல்லா ஷீட்டையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். வெட்டியதும் என் கணவர்தான், வேறு ஆளில்லை. ஆர்டர் பாதியாகக் குறைந்தது. மறுநாளே முதலாளி அவரை வரவேண்டாம் என்றார். "உங்க கையெழுத்து மேல ஓசூர்காரங்களுக்கு நம்பிக்கை இருக்கும்மா. நீங்க இருங்க" என்று என்னிடம் குழைந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நீ என்ன நம்புனியா, இல்லியா?"

"நம்புனேங்க."

"அப்புறம்?"

"நான் நம்புறது அங்க செல்லாதுங்க. உங்க விரல் வேற..."

"வெரல உடு. வேற யாராவது இருக்காங்களான்னு அவரு கேட்டாரு. நான் அங்கியேதான் நின்னுக்கினு இருந்தேன். ஒரு ஆளு இருக்காரு, இப்பிடி சொல்றாரு, ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் உங்க பாடுன்னு சொல்லக்கூடாதா? இல்லன்னுட்டியே."

நான் செய்தது சரியென்றுதான் இப்போதும் சொல்வேன். விமானத்தில் ஏறி உட்காருகிறவர்களுக்கு என் புருஷன் நல்லவர் என்பது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சரியென்று தெரிந்தும் வயிறு எரிகிறது. முதலாளி மேல் எரிகிறது, அந்தப் பாழாய்ப்போன தின்னர் மேல் எரிகிறது. பிழைப்புக்கு இந்தக் கரியை விட்டால் வேறு கதியில்லாமல் எங்களை வைத்திருக்கிற கர்த்தர் மேலும் எரிகிறது.

அவர் மறுபடி கான்ட்ராக்டில் சுரங்கத்துக்குப் போகிறார். அதே பெல்ட், அதே கரி. விசில் திரும்பிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரருக்கே கேட்கிறதாம். என்னோடு சண்டை ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார்.

போன வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். எனக்கு அன்று வார விடுமுறை. "மாத்திரை போட்டீங்களா?" என்றேன். "போட்டுட்டேன்" என்றார். தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அலமாரியில் மாத்திரை அட்டை கிடந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தது.

நிமிர்ந்தால், நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் ஏதும் இல்லை.

"பாத்துக்கோ, பாத்துக்கோ" என்றார். "நான் சொன்னா எங்க செல்லப்போவுது."

அட்டையில் ஒன்று குறைந்திருந்தது. அவர் போட்டுத்தான் இருந்தார்.