வேன்காரர் மனைவியின் முதல் சுற்று

தீவைச் சுற்றிக் காட்டும் வேனை ஓட்டுபவர் அவள் கணவர். அருவி, குகை, மறுகோடியில் இருக்கும் துறைமுக ஊர் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியவர், விடுதித் துணி துவைக்கும் அவளை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. வேனில் ஏறும் பெண்களைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, டிக்கெட் எடுத்துக் கடைசி சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் அவர் கவனிக்கவில்லை.

அருவி முன்னால் வேனை நிறுத்தி அவர் மைக்கைப் பிடித்தார். "என் பொண்டாட்டிக்கு இந்த இடம்னா உசுரு. அடிக்கடி கூட்டிட்டு வரலேன்னா எனக்கு வீட்ல சோறு கிடைக்காது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. யாரோ ஒருத்தி தன் இடத்தில் வாழ்ந்துகொண்டிருப்பதுபோல, அந்தப் பொண்டாட்டிமீதே பொறாமை பொங்கியது. எழுந்து நின்றாள்.

"அவ யாருங்க? நான் இப்பதானே முதல் தடவை வர்றேன்?"

அவர் சட்டென்று மைக்கை அணைத்தார். பயணிகள் இறங்கியதும் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றதுதான். வா, முன்னாடி வந்து உக்காரு."

"முதல்ல அந்த மகராசியை எழுந்திருக்கச் சொல்லுங்க."

சொன்னாளே தவிர, போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அருவி உண்மையிலேயே அழகாக இருந்தது. எத்தனை பேர் தனக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவேயில்லை.