கன்னத்துக் கட்டியும் கார்த்திகை முகூர்த்தமும்

வாயைத் திறக்கச் சொன்னால் மூடுவதும், மூடச் சொன்னால் பேச ஆரம்பிப்பதுமான மனிதர்களோடுதான் எங்கள் பிழைப்பு. பல் டாக்டர் நாற்காலியில் ஒருமுறையாவது மல்லாந்தவர் என்றால் நீங்களும் நம்ம ஆள்தான். என் பாடு உங்களுக்குப் புரியும்.

கண்டக்டர் கணக்கு

திருநகரிலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் தல்லாகுளத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு மனைவியோடு வந்தார். கன்னத்தின் உட்புறம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மெத்தென்று, லேசான மஞ்சளாக, வலியில்லாமல் இரண்டு வருஷமாக வளர்ந்திருக்கிறது.

"கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரியுதுண்ணே. ஊசி போட்டு மரக்கவச்சு அரை மணி நேரத்துல எடுத்துரலாம்" என்றேன்.

மனிதர் முகம் இன்னும் இருண்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் முதலில் இப்படித்தான் சொன்னார்களாம், கடைசியில் கேன்சராம்.

"கார்த்திகையில மகளுக்குக் கல்யாணத்தை முடிச்சுட்டு வாரேன் சார். அப்புறம் நான் இருந்தா என்ன, போனா என்ன!"

குடை எடுக்க வந்தவர்

அவரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, குடையை மறந்த சாக்கில் மனைவி திரும்பி வந்தார். மகள் நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். மாப்பிள்ளை கண்டக்டரின் அக்கா மகன்தான். அவள் படிப்பு முடியும்வரை காத்திருக்கத் தயார். கட்டியைப் பார்த்துப் பயந்துபோன இவர்தான் ஒற்றைக்காலில் நின்று, பரீட்சை வாரத்திலேயே முகூர்த்தம் குறித்திருக்கிறார். எனக்குக் கோபமே வந்தது.

"கல்யாண போட்டோவுல கன்னம் ஒரு பக்கம் புடைச்சுத் தெரியும்னு சொல்லிப் பாருங்கம்மா" என்றேன்.

மூன்றாம் நாள் கண்டக்டர் வந்து நாற்காலியில் ஏறினார். மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "போட்டோவுக்குத்தான் சார் ஒத்துக்கிட்டாரு, உசுருக்கு இல்ல!"

பாட்டில்

எடுத்த சதையை வெளியே காத்திருப்பவர்களிடம் காட்டுவது வழக்கம்; இல்லாவிட்டால் எடுத்ததையே நம்பமாட்டார்கள். பார்மலின் பாட்டிலில் போட்டேன். கொழுப்பென்றால் பெரும்பாலும் மிதக்கும். மிதந்தது. ஆனாலும் பயாப்சி வந்தால்தான் உறுதி என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க மகளோடு வந்தார்கள். ரிசல்ட்டைப் படித்தேன். வெறும் கொழுப்பு, கேன்சர் இல்லை. கண்டக்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, அப்ப நான் பரீட்சை எழுதவா?"

அழுதபடியே அவர் தலையாட்டிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிவைத்து இரண்டு வீட்டாரிடமும் நல்ல பேர் வாங்கிய ஒரே டாக்டர் மதுரையில் நானாகத்தான் இருப்பேன்.