கேத்தலில் இருந்த புகை

அந்தக் கறுப்பு இரும்புத் தேநீர்க் கேத்தலின் மூடியை உணவகப் பெண் நகர்த்தியதும் என் கால்கள் தாமாக எழுந்து நின்றுவிட்டன. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். உலர்த்தும் ட்ரையரின் குழாயில் எங்கோ விரிசல் விட்டு விறகுப் புகை தூளோடு கலந்தால் வருவது. ட்ரையரை நிறுத்த வேண்டும், அன்றைய தூளைத் தனியே ஒதுக்க வேண்டும், குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று மூன்று வேலைகளும் தலைக்குள் வரிசையில் வந்து நின்ற பிறகுதான், நான் இருப்பது நுவரெலியாவில், ஏரியைப் பார்த்த ஓர் உயர்தர உணவகத்தில் என்பது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தேன். எதிரே எங்கள் டீமேக்கர் கோப்பையைக் கையில் எடுத்திருந்தார்.

திம்புள்ளப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில், கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகிப் பையில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தரக் கட்டுப்பாட்டுக்கு அங்கே போனவள். என் ஈரப்பத மானியைக் கண்டாலே, "கம்ப்யூட்டர் என்ன சொல்லுது மிஸ்?" என்று கேலி செய்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கோப்பைத் தேநீரைச் சத்தமாக உறிஞ்சித் துப்பிவிட்டு, "புகை" என்ற ஒரே சொல்லில் ஒரு நாள் உற்பத்தி முழுவதையும் ஒதுக்கி வைத்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அன்றிலிருந்து என் கருவிகளைவிட அவருடைய மூக்கை அதிகம் நம்பினேன்.

அடுத்த வருடம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்திருந்தார். திரும்பி வந்த பிறகு காலைச் சுவை பார்ப்பதில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. கோப்பைகள் வரிசையாக நிற்கும். "நீங்க மொதல்ல சொல்லுங்க மிஸ். டிகிரி உங்ககிட்டதானே இருக்கு" என்பார். அதுவும் கேலிதான் என்று எடுத்துக்கொண்டேன். நான் உறிஞ்சிப் பார்த்து, இது அதிகம் காய்ந்துவிட்டது, இது பச்சை வாடை, இது சரி என்று சொல்லிக்கொண்டே போவேன். அவர் பின்னாலேயே உறிஞ்சித் துப்பி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். ஆரம்பத்தில் பயந்து பயந்து சொன்னவள், அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பார்த்தே நிமிர்ந்தேன். என் நாக்கு தேறிவிட்டது என்று வீட்டில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு பெரிய தொழிற்சாலை அவரை அழைத்தது. அடுத்த திங்கட்கிழமை அங்கே பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு ஒரு விருந்து கொடுக்க நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது: கம்பனி விருந்துகளில் அவர் அவித்த முட்டையும் பாண் ரொட்டியும் தவிர வேறெதையும் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஹலால் இல்லாத சமையலறையில் அவரால் வேறென்ன சாப்பிட முடியும்? நாங்கள் எல்லோரும் கோழிப் பொரியலைக் கடித்துக்கொண்டே அவர் தட்டைப் பார்த்திருக்கிறோம், ஒருவரும் ஒன்றும் யோசித்ததில்லை. நான் பட்டியல் போட்டேன். ஹலால் சான்றிதழ் இருக்க வேண்டும், மதுபானம் பரிமாறக் கூடாது, அவருடைய மனைவியும் தயங்காமல் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும், இதுவரை அவர் சாப்பிடாத உணவாக இருக்க வேண்டும். சீன, ஜப்பான், தாய்லாந்து, கொரிய உணவுகள் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த இந்த உணவகம் நான்கிலும் தேறியது.

அன்று மதியம் அவர் குழந்தை மாதிரி இருந்தார். பரிமாறிய பெண்ணிடம் மூன்று தடவை, "எல்லாமே ஹலால்தானே?" என்று கேட்டுவிட்டு, உணவுப் பட்டியலில் விரலை ஓட்டி வாத்துக்குச் சொன்னார். ஆவியில் வெந்த இறால் கொழுக்கட்டைக்குச் சொன்னார். குச்சிகளை இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தார்.

"இதால கொழுந்துகூடக் கிள்ள முடியாது மிஸ்."

"கையால சாப்பிடுங்க. யாரு பாக்கப் போறா?" என்றார் அவருடைய மனைவி. அக்கா என்ற உரிமையில் நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். கணவர் எல்லாவற்றின் மேலும் மிளகாய் எண்ணெய்யை ஊற்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்தக் கேத்தல் வந்தது. உணவகத்தின் அன்பளிப்பு என்று சிங்களத்தில் சொல்லி, மூன்று கோப்பையில் ஊற்றிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். சீனாவில் சில தேயிலைகளை வேண்டுமென்றே விறகுப் புகையில் உலர்த்துவார்கள் என்று நான் படித்திருந்தேன். ட்ரையர் நினைப்பு அடங்கியதும் இது அதுதான் என்று புரிந்தது. எங்கள் டீமேக்கர் என்ன செய்வார் என்று ஆவலோடு காத்திருந்தேன். முகத்தைச் சுளிப்பார், துப்ப இடம் தேடுவார், நாங்கள் சிரிப்போம்.

"அது வேணாங்க, ரொம்பச் சூடு" என்று ராத்தா அவசரமாகக் கையை நீட்டினார். அதற்குள் அவர் உறிஞ்சிவிட்டார். பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். வாயில் சுழற்றி, விழுங்கி, அவருக்கே உரிய அந்தத் தீர்ப்புக் குரலில் சொன்னார்:

"நல்லா வாட்டியிருக்கான். சுத்தமான டீ."

ராத்தாவின் கை மேசையின் நடுவில் அப்படியே நின்றது. அவர் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. வழக்கம்போல அமைதியாகவே கேட்டேன்.

"ஐயா, இதுல என்ன வாடை வருது?"

அவர் கோப்பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லுங்க மிஸ்."

"புகை."

"நிறையவா?"

"மூடியத் தொறக்கும்போதே வந்துச்சு."

அவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "அந்தக் காய்ச்சலோட போச்சு. காரம் தெரியும், சூடு தெரியும். மணம் ஒன்னும் இல்ல" என்றார்.

"அப்ப இந்த ரெண்டு வருஷம்?"

"நீங்க சொன்னீங்க. நான் தலையாட்டுனேன்."

என் படிப்பில் முதல் பாடம், ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது. நான் இரண்டு வருடங்களாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெற்றிடத்தோடு. எங்கள் தொழிற்சாலையிலிருந்து போன ஒவ்வொரு பையும் என் ஒற்றை நாக்கின் பேரில் போயிருக்கிறது. நான் தவறாகச் சொன்ன நாள்களிலும் அவர் தலையாட்டியிருப்பார். அவர்மீது கோபம் வருவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

"நோர்வூட்ல யாரு இவருக்கு மொதல்ல சொல்லுவா? போகாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே" என்றார் ராத்தா.

"பின்ன ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்க முயன்றார். "இங்கயே இருந்தா என்னைக்காவது நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு பயம் மிஸ்."

இப்படி ஒரு காரணத்தை நான் எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்க மாட்டேன். புகைவாடையை அறிய முடியாத ஒருவர், அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாற்காலியில் திங்கட்கிழமை உட்காரப் போகிறார், அதுவும் என்னிடமிருந்து தப்பிப்பதற்காக. நான் வாயை மூடிக்கொண்டால் அவர் பெயர் ஒரு மாதமோ இரண்டு மாதமோ தாங்கும். பிறகு ஒரு நாள் ட்ரையர் குழாய் விரிசல் விடும், அவர் "சுத்தமான டீ" என்பார்.

"நாளைக்குப் பெரியதுரைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றேன். கடுமையான கேள்விதான். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அழுகையா நிம்மதியா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் மேலாளரின் அறையில் அவரே சொன்னார். நான் கதவருகே நின்றேன். பெரியதுரை, இரண்டு வருடத்தில் புகையென்றோ பச்சை வாடையென்றோ எந்தப் பையாவது திரும்பி வந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் வரவில்லை. அந்தப் பதிலில் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். எத்தனை தடவை தப்பியிருப்போம் என்றுதான் யோசித்தேன்.

நோர்வூட் வேலை போனது. டீமேக்கர் என்ற பெயரும் போனது. இப்போது அவர் எங்கள் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதைப் பார்க்கிறார். இலை பதமாகிவிட்டதா என்பதை அங்கே உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், அந்தக் கை இன்னும் பொய் சொல்லவில்லை. கீழே, தனித்தனியாக எழுதிவைத்த பிறகே ஒப்பிட வேண்டும் என்ற விதியோடு, இரண்டு பேர் சுவைத்துப் பார்க்காமல் ஒரு பையும் வெளியே போவதில்லை. அந்த விதியை எழுதியது நான்.

காலையில் நான் கோப்பைகளைக் கழுவி வைக்கும் நேரத்தில் சில நாள் அவர் இறங்கி வருவார். வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

"இன்னைக்கு எப்படி இருக்கு மிஸ்?"

முன்பெல்லாம் நான் ஒரு சொல்லில் முடித்திருப்பேன். இப்போது மழைக்குப் பிந்திய கொழுந்தின் வாசனையை, ட்ரையரிலிருந்து முதலில் விழும் தூளின் வாசனையைச் சொல் தேடித் தேடிச் சொல்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். தலையாட்டுவதில்லை.