தர்மேந்திரன் வெட்டி ஒட்டிய பேட்டி

நான் தர்மேந்திரனின் இடது கை விரலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கை கைப்பேசியில் ஒரு பாட்டை வெட்டிக்கொண்டிருந்தது. திரையில் இருந்த கோட்டைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, ஒரே ஒரு சொல் தனியாகக் கழன்று வரும்வரை அவர் விடவில்லை. விரலை அசைக்க வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். காதில் இயர்போன் இருந்ததால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

தர்மேந்திரன் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலையில் மெஷின் பார்ப்பவர். வயது ஐம்பத்தேழு. இலை உருட்டும் மெஷினுக்கு எண்ணெய் விடப்போய் விரலில் நான்கு தையல். அதற்காகத்தான் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் நான் இரண்டு நாளுக்கொரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். சர்க்கரை இல்லாத உடம்பு, காயம் நன்றாக ஆறியது.

ஆலைக்கு வெளியே அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பாட்டுப் பேட்டி. ரேடியோக்காரர் மாதிரி குரலை மாற்றி அவர் கேள்வி கேட்பார். பதில் சினிமாப் பாட்டுகளிலிருந்து வரும், ஒரு சொல் இங்கே, அரைச் சொல் அங்கே. கேசட் காலத்தில் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கி அமுக்கிச் செய்தார். இப்போது கைப்பேசி. கல்யாண விருந்தில் மாப்பிள்ளையைப் பேட்டி எடுப்பார், மாமியார் பெயரைச் சொன்னதும் ஒரு சோகக் குரல் ‘ஐயோ’ என்று இழுக்கும். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள்கூட அதைக் கைப்பேசியில் வைத்துக் கேட்கிறார்கள்.

முன்னூறு சொற்களுக்கு மேல் வெட்டி வைத்திருந்தார். எந்தப் பாட்டிலிருந்து எடுத்தது என்று குறிப்பதில்லை. ‘சோறு’, ‘தூக்கம்’, ‘மாட்டேன்’ என்று சொல்லை மட்டும் எழுதிவைப்பார். தேடுவதற்கு அதுதான் சுலபமாம்.

அந்த வாரம் அவர் செய்துகொண்டிருந்தது ஓய்வு பெறும் தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி சாம்பசிவத்துக்கான பேட்டி. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டது முப்பத்தொரு வருஷமாக அவர்தான். போன வருஷம் நெஞ்சில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு மாதம் மணி தவறாமல் மாத்திரை கொடுத்து அவரை எழுப்பி நடக்கவைத்தவர் மனைவி ரஞ்சிதம். எப்படிச் செய்வதென்று நான் சொல்லிக்கொடுத்தேன், அவர் என்னைவிடக் கறாராகச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிவு உபசாரம், திங்கள் காலை எட்டு மணிக்கு லோரி. ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போகிறார்கள்.

ஞாயிறு மண்டபத்தில் பேட்டி நன்றாகத்தான் தொடங்கியது. ஓய்வு பெற்றதும் முதல் வேலை என்ன என்ற கேள்விக்கு ஒரு பெண் குரல் ‘தூக்கம்’ என்றது. மேனேஜர் திட்டினால் என்ன செய்வீர்கள் என்றதற்கு ‘லாலாலா’ என்று குழந்தைகள். கிராணி மேசையைத் தட்டிச் சிரித்தார். கடைசிக் கேள்வி, எங்களை விட்டுவிட்டு எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்பது. ஒரு கனத்த ஆண் குரல் ‘போகிறேன்’ என்றது.

மண்டபம் அடங்கிப்போனது. எங்கள் லயத்து வீடுகளில் யார் செத்தாலும் ஸ்பீக்கரில் முதலில் போடுகிற பாட்டின் குரல் அது. அரை நொடி போதும், எல்லாருக்கும் தெரியும். தர்மேந்திரனுக்கும் தெரியும், ஆனால் என்றோ வெட்டிச் சொல்லாக மட்டும் வைத்திருந்ததில் பாட்டை மறந்துவிட்டார். சொல் வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது.

ரஞ்சிதம் எழுந்தார். “நான் சாமான் கட்டிக்கிட்டிருக்கேன் தம்பி. நீ அவருக்குப் பாடை கட்டுற.”

“அன்னைக்கு எனக்குக் காது கேக்காதுலா,” என்றார் கிராணி. “இப்பவே கேட்டுட்டேன், விடு.”

ரஞ்சிதம் விடவில்லை. கேக்கைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். பதினைந்து வருஷம் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பிய அக்கா இப்படிக் கோபத்தோடு தோட்டத்தைவிட்டுப் போய்விடுவாரே என்று தர்மேந்திரன் என்னிடம் புலம்பினார். புலம்பினால் ஆகாது, லோரி வருவதற்குள் போய்ச் சரிசெய்யுங்கள் என்றேன்.

மறுநாள் ஆறரை மணிக்குக் கிராணி வீட்டில் கட்டிவைத்த பெட்டியின் மேல் தர்மேந்திரன் உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி. அந்தச் சொல்லைத் தன் கண்முன்னால் அழிக்கச் சொன்னார் ரஞ்சிதம். அழித்தார். வேறு நான்கு பாட்டிலிருந்து எடுத்த ‘போறேன்’களைப் போட்டுக் காட்டினார். ஒன்று அழுகிறது என்றார் ரஞ்சிதம், ஒன்று குடிகாரன் குரல் என்றார்.

“கிளம்புற மனுசன் போறேன்னா சொல்லுவான்? வர்றேன்னுதானே சொல்லுவான்?”

தர்மேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு, அதுவும் தனக்குத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு இருவரும் கைப்பேசியின் மேல் குனிந்து தேடினார்கள். ஒரு கல்யாணப் பாட்டில் பெண்கள் சேர்ந்து பாடும் ‘வர்றோம்’ ரஞ்சிதத்துக்குப் பிடித்தது. அவரே விரலால் கோட்டைத் தள்ளினார். இரண்டாவது முறை சரியாக வந்தது.

ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் புதிய கிராணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் பேட்டியை முழுவதும் போட்டார்கள். கூடை மாட்டி நின்ற பங்களாதேஷ் ஆட்கள் புரியாமலே சிரித்தார்கள். கடைசியில் ‘வர்றோம்’ என்றதும் ரஞ்சிதம் கையை ஆட்டினார். மூடுபனியில் பெட்டி தூக்கியதில் தர்மேந்திரனின் கட்டு நனைந்து அழுக்காகியிருந்தது. லோரி கிளம்பியதும் அவரைக் களத்துச் சுவரில் உட்காரவைத்துப் புதுக் கட்டுப் போட்டேன்.