மைக்கை அணைத்த பிறகு

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். லண்டன் மேடைகளில் ஜோடியாக வேடிக்கை செய்து, பிறகு சினிமாவுக்கு வந்த இருவரின் பழைய படம் ஒன்றை அலைந்து திரிந்து சென்னையிலிருந்து வரவழைத்தேன். பள்ளி மண்டபத்தில் நெசவாளர் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டினேன்.

ஆங்கிலப் பேச்சு புரியாதே என்று, திரையோரம் மைக்கோடு நின்று ஒவ்வொரு வேடிக்கையையும் தமிழில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எரிச்சலில் இன்னும் சத்தமாக, இரண்டிரண்டு முறை சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். இந்த ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று மனத்துக்குள் திட்டினேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, “சார், நீங்க பேசிக்கினே இருக்கீங்க. அவங்க மூஞ்சிய எப்போ பாக்கறது? கொஞ்சம் தள்ளிக்கோங்க,” என்றார்.

கோபத்தோடு மைக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் போனேன். திரையில் இருவரும் ஒரே நாற்காலியை ஒருவருக்கொருவர் மரியாதையாக நகர்த்தி நகர்த்தி, கடைசியில் இருவருமே தரையில் உட்கார்ந்தார்கள். மண்டபமே சிரித்தது. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கத்தான் அந்தப் படத்தைப் போட்டேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னால் சிரிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருக்கிறேன்.